அரண்மனையாகிவிட்ட குப்பைத்தொட்டி

கம்ப்யூட்டருக்கெல்லாம் தொப்பை இருந்த காலத்தில், ஒரு வீட்டுத் திரையில் குப்பைத்தொட்டிப் படம் அழுதது. "என்னை ஒருத்தரும் மதிக்கிறதில்லையே, அம்பண்ணே!" கட்டம் கட்டமாக வண்ணம் வைத்து அங்கே படம் போடுவது மவுஸ் அம்புதான். அது இரக்கப்பட்டு, தொட்டியைத் தங்க அரண்மனையாக வரைந்துவிட்டது.

அவ்வளவுதான், திரையிலிருந்த கோப்புகள் எல்லாம் முண்டியடித்து உள்ளே ஏறின. அம்பு பதறியது. "அடேய், அது குப்பைத்தொட்டி! சாயங்காலம் காலி பண்ணும்போது எல்லாரும் அழிஞ்சுபோவீங்க. வெளியே வாங்கடா!"

"இவனுக்கு உள்ளே இடம் கிடைக்கலை, அந்த வயிற்றெரிச்சல்" என்றது பாட்டுக் கோப்பு.

கல்யாண ஆல்பம் மட்டும் மூக்கைப் பொத்திக்கொண்டது. "ஆனாலும் நாறுதே, அண்ணே?"

பாட்டுக் கோப்பு அதட்டியது: "பெரிய இடம்னா அப்படித்தான் இருக்கும். சிரிச்ச முகமா நில்லு."