பொட்டல் பங்கு

"நான் முட்டாப்பயதாண்ணே! அதையும் பத்திரத்துல சேத்து எழுதிக்கங்க!" என்று நெஞ்சைத் தட்டிச் சிரித்தான் மலையாண்டி.

பாகப்பிரிவினைக்கு வந்திருந்த ஊர்ப் பெரியவர் கண்ணுச்சாமிக்குச் சிரிப்பு வரவில்லை. "விளையாடாதப்பா. உங்க அய்யா விட்டுட்டுப் போனது ரெண்டே துண்டு நெலம். கிணத்து வயலும் மோட்டாரும் ஒரு பங்குங்குற. வெறும் கரட்டுப் பொட்டல் இன்னொரு பங்குங்குற. தம்பி எதை எடுப்பான்னு பச்சப்புள்ளைக்குக்கூடத் தெரியுமே!"

அந்த ஊர் வழக்கம் அப்படி. பங்கு பிரிப்பவன் மூத்தவன், முதலில் எடுப்பவன் இளையவன். மூத்தவன் சூது செய்துவிடக் கூடாது என்று எந்தக் காலத்திலோ ஒரு புத்திசாலி செய்த ஏற்பாடு. அந்தப் புத்திசாலிக்கு மலையாண்டியைத் தெரியாது.

விஷயம் இதுதான். பூமிக்குள் எண்ணெய் தேடுகிற கம்பெனி ஒன்று அந்த எண்பத்து மூன்றாம் வருஷம் பசுமலைப் பக்கம் கூடாரம் போட்டு, ஊர் ஊராக ஜீப்பில் சுற்றிக்கொண்டிருந்தது. காளவாசல் டீக்கடையில் அந்த ஜீப் டிரைவர் மலையாண்டியின் காதைக் கடித்தான். "உங்க நெலத்துல சிவப்புக் கொடி நட்டிருக்கோம்ணே. எண்ணெய் மட்டும் இருந்துச்சு, நீங்க எங்கயோ போயிருவீங்க!"

பாதி டீயை வைத்துவிட்டு ஓடிவந்து பார்த்தான் மலையாண்டி. கிணற்று வயலில் கொடி இல்லை. பொட்டலில் நின்றது. காக்காய்கூட எட்டிப் பார்க்காத பொட்டலில்! யார் கண்ணிலும் படாமல் வேலிகாத்தான் முள்ளை வெட்டிப் போட்டு மறைத்தான். மறுநாளே பங்கு பிரிக்க வேண்டும் என்று கிளம்பிவிட்டான். பொண்டாட்டி முத்துத்தாயிடம்கூட மூச்சு விடவில்லை. பொம்பளை வாயில் ரகசியம் நிற்காது என்பது அவன் கட்சி.

"ஏங்க, கிணத்து வயல விட்டுட்டு நாம என்னத்தத் திங்கிறது? பொட்டல் மண்ணையா?" வாசற்படியில் நின்ற முத்துத்தாய்க்கு அழுகை முட்டியது.

"நீ உள்ள போ. ஏழாவதுல மூணு தடவ பெயிலானவந்தான் நான். ஆனா இன்னைக்கு எம் மூளைய நிறுத்துப் பாக்க மதுரையில தராசு கிடையாது."

தம்பி வெள்ளைத்துரை தலையைச் சொறிந்தான். "அண்ணே, நீங்க புள்ளகுட்டிக்காரக. கிணத்து வயல நீங்களே வச்சுக்கங்க. ஆடு மேய்க்க எனக்குப் பொட்டல் போதும்."

மலையாண்டி பதறிப்போய்த் தம்பியின் கையைப் பிடித்தான்.

"டேய் கூறுகெட்டவனே! அண்ணன் குடுக்குறத வேணாங்கிறியா? இந்தா, உழவு மாடு ரெண்டும் உனக்கே!"

"வேணாண்ணே, பாவம்..."

"வைக்கப்போரும் உனக்கே!"

"இல்லண்ணே..."

"இந்த வீட்டுல கெழக்குப் பாதி உனக்கே! இதுக்கு மேலயும் என்னைய அழ வைக்காதடா!"

நிஜமாகவே அவன் கண்ணில் நீர் வந்துவிட்டது. அதைப் பார்த்து வெள்ளைத்துரையும் அழுதான். "சரிண்ணே, உங்க மனசு நோகக் கூடாது. கிணத்துப் பங்கையே எடுத்துக்கிறேன்." கண்ணுச்சாமி துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இப்படி ஒரு அண்ணனை அவர் எந்தப் பஞ்சாயத்திலும் பார்த்ததில்லை. அந்த வாரமே பத்திரமும் பதிவாகிவிட்டது.

அதற்குப் பிறகு மலையாண்டிக்குக் கால் தரையில் பாவவில்லை. பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை. முதலாளி என்று யாராவது கூப்பிடும்போது எப்படித் திரும்புவது என்று கண்ணாடி முன் பழகிக்கொண்டிருந்தான்.

பத்தாம் நாள் ஜீப் வந்தது. சலவை வேட்டி கட்டிக்கொண்டு, வந்தவர்களுக்கு ஆளுக்கொரு கலர் சோடா வாங்கிக் கொடுத்து, பொட்டலுக்குக் கூட்டிப்போய் முள்ளை விலக்கிக் காட்டினான் மலையாண்டி.

அதிகாரி கொடியைப் பார்த்தார். கையிலிருந்த வரைபடத்தைப் பார்த்தார். "கொடி எங்களுதுதான். ஆனா இங்க நடலையேய்யா. கிணத்துக்கு வடக்க, வயலுக்கு நடுவுலல்லவா நட்டோம்?"

"அப்ப... எண்ணெய்?"

"இருந்தா அந்தப் பக்கம்தான் இருக்கணும். இந்த இடத்த நாங்க பாக்கவே இல்ல."

மலையாண்டிக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஆடு மேய்க்கப் பொட்டல் போதுமாம்! அதற்கு ஒரு அழுகை வேறு! வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வீட்டைப் பார்த்து ஓடினான்.

"ஏடி முத்துத்தாயி! உங் கொழுந்தன் என்னையக் கவுத்திட்டாண்டி! எண்ணெய் இருக்குன்னு கிணத்து வயல்ல கம்பெனிக்காரன் நட்ட கொடியப் பிடுங்கிப் பொட்டல்ல ஊண்டிட்டான்! அந்தக் கொடிய நம்பித்தானடி வயலு, மாடு, வீடு அம்புட்டையும் கெஞ்சிக் கெஞ்சிக் குடுத்தேன்! என்னைய மாதிரி ஒரு கிறுக்கன் உண்டா?"

முத்துத்தாய் சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தாள்.

"கொழுந்தன வையாதீக. உங்ககிட்டச் சொன்னா டீக்கடை பூராம் சொல்லிருவீகன்னு நான் வாயத் தெறக்கல. கொடி நட்ட நெலத்தக் கவர்மெண்டு எடுத்துக்கிரும்னு சொன்னாக... நம்ம கிணத்து வயலாச்சும் தப்பிக்கட்டுமேன்னு நாந்தான் அதப் பிடுங்கிப் பொட்டல்ல ஊண்டினேன்."