மேல்தோல்

ஜெஸ்லின் பிறந்தபோதே அவளுடைய மேல்தோல் உள்தோலோடு ஒட்டியிருக்கவில்லை. சற்று அழுத்திப் பிடித்தாலும் உரிந்து கையோடு வந்துவிடும். ஒன்பது வருடமாக ஜன்னலோரக் கட்டில்தான் அவளுக்கு உலகம். அம்மா பெனிட்டா அவளைப் பஞ்சுமெத்தையோடு சேர்த்துத்தான் தூக்குவாள்.

பிறந்தநாளன்று ஜெஸ்லின், "ஒருக்கா என்னை இறுக்கிப் பிடிம்மா" என்றாள்.

"புண்ணாயிரும் மக்ளே."

"சும்மா கிடந்தாலும் ஆவுதுல்லா. இது நான் கேட்டு ஆவட்டும்."

பெனிட்டா கதவைச் சாத்திவிட்டு வந்து அணைத்தாள். மகள் அழவில்லை, அம்மாதான் அழுதாள்.

மறுநாள் காலை, மகளின் முதுகில் அவள் விரல்கள் பதிந்த இடமெல்லாம் கொப்புளங்கள். வழக்கம்போல நீரை வடிக்க ஊசியைக் கொதிக்கவைத்து எடுத்துவந்தாள். ஜெஸ்லின் சட்டையைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"இன்னைக்கு ஒருநாள் இருக்கட்டும்மா."