முன்பாய்

"படகோட முன்பக்கப் பாய்க்கு, கையால கழட்டுற கொக்கியா, சுருட்டுற உருளையா?" திருத்தணி அடிவாரத்துத் தச்சர் கன்னியப்பன் கேட்டார்.

"உருளைதாங்க" என்ற ஜெயம்மாள், மெட்ராஸ் படகுத்துறையில் வேலைக்குச் சேர்ந்த மகன் தயாளனின் கடிதத்தை நீட்டினாள். "தறியில துணி சுத்துறாப்பல, பின்னால உக்காந்துகினே கயித்த இழுத்தா பாய் தானா சுருட்டிக்குமாம். சீமைப் படகுல இருக்குதாம்."

கூட வந்திருந்த கணவர் பஞ்சாட்சரத்துக்கு அவள் மேல் எரிச்சல் வந்தது. "சின்னப் படகுக்கு இன்னாத்துக்குடி அதெல்லாம்? கொக்கியே போதும்."

"கொக்கின்னா, காத்தடிக்கும்போது அவன் முன்னால போய்த்தானே கழட்டணும்?"

அவர் முன்பணத்தை எண்ணித் தச்சரிடம் கொடுத்தார்.

மூன்றாம் நாள் படகு தயாரானது. ஜெயம்மாள் ஒற்றை விரலால் கயிற்றை இழுத்தாள். பாய் அழகாகச் சுருண்டது. படகை உள்ளங்கையில் ஏந்தி வீட்டுக்குக் கொண்டுவந்தாள். மாலை போட்ட தயாளன் படத்துக்கு முன்னால், முதல் திவசப் படையலில், வடைக்கும் பாயசத்துக்கும் நடுவே அதை வைத்தாள்.

கற்பூரம் ஏற்ற வந்த பஞ்சாட்சரத்தின் கையில் தீக்குச்சி அணைந்துபோனது.

"போன வருசம் பாயக் கழட்ட முன்னால போனியே, அலை இழுத்துகினு போயிடுச்சே" என்றாள் ஜெயம்மாள், படத்தைப் பார்த்து. "இனிமே நீ பின்னாலயே உக்காந்துக்கோ நைனா."