முன் டயரின் விறைப்பு

பாறை ஏறும் ரிமோட் பொம்மை ஜீப் ஒன்றின் முன் டயருக்குத் தன் விறைப்பில் ஏகப் பெருமை. "உன்னை மாதிரி நான் தொளதொளன்னு இல்லை" என்று பின் டயரைக் கேலி செய்துகொண்டே இருக்கும்.

ஆனால் பாறையில் ஏறும்போதெல்லாம் அதுதான் வழுக்கியது. ஜீப் மல்லாந்து விழுந்தது.

"இன்னொரு தடவை வழுக்கினா உங்களைக் கழற்றிக் கடாசிடுவாங்கண்ணே" என்றது பின் டயர்.

அன்றே ஜீப்பின் சொந்தக்காரி பாக்கியா, சூடான ஊசியால் முன் டயரில் துளை போட்டாள்.

"ஐயோ, என் மானம் போச்சே!"

காற்று புஸ்ஸென்று இறங்கியது. முன் டயர் வெட்கத்தோடு பாறைமேல் சாய்ந்தது. நசுங்கிய உடம்பு மேடுபள்ளத்திலெல்லாம் படிந்து கவ்விக்கொள்ள, ஜீப் உச்சியில் போய் நின்றது.

"எப்படிண்ணே ஏறினீங்க?"

"பாறை பாவம்னு நான்தான் கொஞ்சம் விட்டுக்கொடுத்தேன்" என்றது முன் டயர்.