ஒரு மாசப் புரோகிராம்

தம்பியின் பழைய கம்ப்யூட்டருக்கு அக்கா தன் கையாலேயே, பின்னால் செருகும் மெமரி பெட்டி செய்துகொண்டிருந்தாள். முதல் இரண்டும் லேசாக ஆட்டினாலே உயிரை விட்டன. மூன்றாவதன் இணைப்புகளை ஈயத்தால் பற்றவைத்துச் செருகி, மேசையைக் குலுக்கிப் பார்த்தாள். திரையில் எழுத்துகள் அப்படியே நின்றன.

"இந்த ஓட்டைக் கம்ப்யூட்டருக்கு இவ்வளவு மெனக்கெடணுமா?" என்றார் கணவர்.

"உங்ககிட்ட சொன்னதில்ல. சின்ன வயசுல நான் மேசையை இடிச்சதுல மெமரி பெட்டி ஆடிடுச்சு. அது ஆடினா உள்ள இருக்கிறதெல்லாம் போயிடும். ஸ்கூல் போட்டிக்காக அவன் ஒரு மாசமா எழுதின புரோகிராம் மொத்தமும் அழிஞ்சுபோச்சு. அதோட கம்ப்யூட்டரையே விட்டுட்டான். இன்னிக்கும் மனசு உறுத்துது."

மாலையில் தம்பி வந்தான். துணிக்கடையில் மேலாளர். அக்கா கம்ப்யூட்டரை அவன் முன்னால் நகர்த்தினாள்.

"நானே செஞ்சேன்டா. இனி எவ்வளவு இடிச்சாலும் அழியாது. அன்னிக்கு நடந்ததுக்கு மன்னிச்சிடுடா."

பெட்டியைத் தடவிப் பார்த்த தம்பிக்குக் காது சிவந்துவிட்டது.

"அக்கா... அன்னிக்கு அதுல ஒண்ணுமே இல்லக்கா."

"என்னடா சொல்றே?"

"ஒரு மாசமும் விளையாடியே ஓட்டிட்டேன். ஒரு வரிகூட எழுதல. அப்பாகிட்ட என்ன சொல்றதுன்னு நடுங்கிட்டு இருந்தப்பதான் நீ வந்து இடிச்சே. பழியை உன் தலையில கட்டிட்டேன். அடியும் நீதான் வாங்கினே."

திட்டத்தான் அக்கா வாயைத் திறந்தாள். சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"உட்காருடா. அந்தப் புரோகிராமை எழுதி முடிக்காம இன்னிக்கு உனக்குச் சாப்பாடு கிடையாது."