இரண்டு மூட்டை பொன்னி அரிசி

பின் சக்கரங்கள் சுற்றின. வண்டி நகரவில்லை.

ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு மறுபடி மெல்ல அழுத்தினாள். சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றிச் சுற்றிப் பனியை வழவழவென்று மெழுகியது.

ஏப்ரல் மாதம். குளிர் போய்விட்டது என்று போன ஞாயிறுதான் பனி டயரைக் கழற்றிவிட்டுக் கோடை டயர் மாட்டினான் புருஷன். கார் அவனுடையது. நீலம். இரண்டே கதவு. பின் சக்கரம் மட்டும் தள்ளுகிற வண்டி. நல்லவன்தான். கார் விஷயத்தில் மட்டும் கழுதை.

இப்போது டல்லாஸிலிருந்து வருகிற விமானத்தில் இருக்கிறான். போன் போகாது.

குளிர்காலம் முழுக்க டிக்கியில் இரண்டு மூட்டை பொன்னி அரிசி கிடந்தது. பின்னால் பாரம் இருந்தால்தான் இந்த வண்டி பனியில் சறுக்காது. ஊரெல்லாம் அதற்கு மணல் மூட்டை வாங்கும்.

"மண்ணை எவன் வாங்குவான்? அரிசின்னா அப்புறம் பொங்கித் திங்கலாம்ல?"

சொல்லிவிட்டு அவனே சிரித்தான்.

டயர் மாற்றிய அன்றைக்கு அந்த மூட்டைகளையும் மேலே கொண்டுபோய்ச் சமையலறையில் வைத்துவிட்டான்.

ஒவ்வொன்றும் பதினெட்டு கிலோ. இரண்டு மாடி.

காலையில் ரத்தம் பார்த்தாள். ஆஸ்பத்திரியில் உடனே வரச் சொன்னார்கள். டாக்சி ஆப் நாற்பது நிமிடம் என்றது. பிறகு வண்டியே இல்லை என்றது. ஆம்புலன்ஸ் வந்தால் சைரன் வரும். சைரன் வந்தால் குடியிருப்பே ஜன்னலுக்கு வரும்.

யாருக்கும் தெரியக் கூடாது. அம்மா போனில் சொல்லியிருந்தாள்.

"மூணு மாசம் முடியட்டும்டி. குருவிக்குக்கூடத் தெரியப்படாது. முக்கியமா அந்த எதிர்வீட்டுக்காரிக்கு. எட்டு வருசமா வயித்துல ஒண்ணும் தங்காதவ. கண்ணு பட்டுரும். அப்புறம், கனமா எதையும் தூக்கிராத."

அம்மாவுக்கு மாதக் கணக்கு. ஆஸ்பத்திரிக்கு வாரக் கணக்கு. அம்மாவின் கணக்கில் இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது.

அவள் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போனவள். கண் படுவதையெல்லாம் நம்பாதவள். அதைச் சொல்லி அம்மாவோடு சண்டை போட்டவள்.

ஆனாலும் யாரிடமும் சொல்லவில்லை.

வண்டியை அணைத்தாள். படியேறினாள்.

முதல் மூட்டையை இடுப்பில் வைத்துக்கொள்ள முடியவில்லை. நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினாள். அடிவயிற்றில் யாரோ நரம்பைப் பிடித்து முறுக்குவதுபோல் இருந்தது.

இரண்டாவது மூட்டையோடு எதிர்வீட்டு வாசலில் நின்றாள். மூச்சு வாங்கியது.

உள்ளே பூங்கோதை அக்கா கடுகு தாளித்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரத்தில் ஒரு கிண்ணம் இங்கேயும் வரும். தினமும் வரும். கீழே அக்காவின் பெரிய வண்டி நிற்கிறது. நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி. நாலிலும் பனி டயர்.

கதவைத் தட்டக் கை வேண்டும். இரண்டு கையும் மூட்டையில் இருந்தன.

அப்படித்தான் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

டிக்கி தாழ்ந்தது. வண்டி நகர்ந்தது.

சைக்கிளில் போகிறவன் வேகத்தில் போனாள். முதல் திருப்பத்தில் பின்பக்கம் தனியாக ஒரு பக்கம் கிளம்பியது. பிரேக்கைத் தொடவில்லை. பின்பக்கம் போகிற பக்கமே ஸ்டியரிங்கையும் திருப்பினாள். வண்டி ஒரு ஆட்டம் ஆடி, நேராயிற்று.

"இருடா. கொஞ்சம் பொறுத்துக்க. வந்துட்டோம்."

வண்டியிடம் சொல்லவில்லை.

சிக்னலுக்கு நூறு அடி முன்பே காலை எடுத்தாள். பின்னால் வந்தவன் ஹார்ன் அடித்தான். அடிடா, அடி. ஆஸ்பத்திரி மேட்டில் சக்கரம் ஒருமுறை வழுக்கியது. பின்னால் அரிசி கனத்து அழுத்தியது. ஏறிவிட்டாள்.

ஏழு மைல். ஐம்பது நிமிடம்.

ஸ்கேன் எடுத்த பெண் முதலில் பேசிக்கொண்டிருந்தாள். பிறகு பேச்சை நிறுத்தினாள். பிறகு திரையைத் தன் பக்கமாகத் திருப்பிக்கொண்டாள்.

டாக்டரிடம் அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். இன்றைக்குப் பாரம் தூக்கியதாலா?

இல்லை என்றார் டாக்டர். துடிப்பு நின்றே பத்து நாள் இருக்கும் என்றார்.

பத்து நாளாக அவள் வாயைப் பூட்டிக்கொண்டு காவல் காத்திருக்கிறாள்.

திரும்பி வரும்போது வெயில் அடித்தது. ஏப்ரல் பனிக்கு ஆயுசு அவ்வளவுதான். சாலை முழுக்க ஈரம். வண்டி எங்கேயும் சறுக்கவில்லை. சறுக்கியிருக்கலாம் என்றுகூட நினைத்தாள்.

கீழே பூங்கோதை அக்கா பனி அள்ளுகிற மண்வெட்டியோடு நின்றாள். இவள் வண்டி நிற்கிற இடத்தையும் சேர்த்துச் சுத்தமாக அள்ளியிருந்தாள்.

"ஏண்டி, கூறு கெட்டவளே! இந்தப் பனியில இந்தப் பொம்மைக் காரையா எடுத்துட்டுப் போன? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் வரமாட்டேனா?"

அவள் இறங்கினாள். டிக்கியைத் திறந்தாள்.

"அரிசி வாங்கவா போன? தள்ளு, தள்ளு. முகமெல்லாம் வெளுத்துக் கிடக்கு. நான் தூக்குறேன்."

"பரவாயில்லக்கா. இனிமே நான் தூக்கலாம்."

அக்காவின் இரண்டு கையும் மூட்டையைப் பிடித்தபடியே நின்றன. கூரையிலிருந்து பனி உருகிச் சொட்டிக்கொண்டிருந்தது.

அக்கா மூட்டையை விட்டாள். டிக்கியை மெதுவாகச் சாத்தினாள். அவள் பக்கம் திரும்பவில்லை.

"எத்தனை வாரம்?" என்றாள்.