ஒரே சனிக்கிழமை, மூன்று யுகுலேலே விழாக்கள்

ஏற்காட்டு எண்ணை மூன்றாவது முறையாக அழைத்தான்.

கேன்டீனில் சாம்பார் சாதம் ஆறிக்கொண்டிருந்தது.

புதுச்சேரி, கோவை, ஏற்காடு. மூன்று ஊரிலும் யுகுலேலே விழா. மூன்றும் டிசம்பர் இரண்டாவது சனி, ஞாயிறு. ஒன்றுக்குத்தான் போக முடியும்.

ஒன்றுக்கும் போகாமலும் இருக்கலாம். பத்து மாதமாக அதைத்தான் செய்கிறான். ஓசூரில் தொழிற்சாலை, வீடு. வீடு, தொழிற்சாலை.

வீட்டில் இருக்கும் யுகுலேலே வாத்தியம் தாரிணியுடையது. அவன் மனைவி.

அவள் இடது கைக்காரி. தந்திகளைத் திருப்பி மாட்டியிருந்தாள்.

ஜனவரியில் இறந்தாள். மார்ச்சில் அவன் பெட்டியைத் திறந்தான். மாற்றி மாட்ட மனம் வரவில்லை. அவள் பிடித்தபடியே பிடித்தான்.

வலது கையால் எழுதுகிறவன். வலது கையால் சாப்பிடுகிறவன். இடது கையால் மீட்டக் கற்றுக்கொண்டான்.

சுரங்களைச் சேர்த்து மீட்டும் கார்டுகளில் நான்கு வருகின்றன. படுக்கையறையில், கதவைச் சாத்திக்கொண்டு.

ஒருமுறை மனிதர்களோடு சேர்ந்து வாசித்துப் பார்க்க வேண்டும். இந்த வருடம் முடிவதற்குள். வேறு எதுவும் வேண்டும் என்று அவனுக்குத் தோன்றவில்லை. இது தோன்றியதே ஆச்சரியம்.

புதுச்சேரியில் முந்நூறு பேர். கடற்கரையில் மேடை. அங்கிருந்து போனில் பேசிய பெண் மிகவும் அன்பாகப் பேசினாள்.

"நீங்க வலது கைன்னா அத ஏன் சார் அப்படியே வெச்சிருக்கீங்க? வந்ததும் நாங்களே மாத்தி மாட்டிக் குடுத்துடறோம். அரை மணி நேர வேல."

அரை மணி நேரம். அவனுக்கும் தெரியும்.

கோவையில் தாரிணி வாசித்த குழு. அதிலிருக்கும் நந்திதா குரல் பதிவு அனுப்பியிருந்தாள்.

"அண்ணா, கண்டிப்பா வாங்க. முதல் வரிசைல அவ சேரைக் காலியா விட்டு, அதுல பூ வைக்கப் போறோம். நீங்க பக்கத்துல உக்காருங்க."

அந்தப் பதிவை நான்கு முறை கேட்டிருந்தான். நாற்காலியின் பக்கத்தில் இருக்கும் நாற்காலி. அதில் உட்கார்ந்து நான்கு கார்டு.

ஏற்காட்டில் இப்போது போனை எடுத்தார்கள்.

பல் மருத்துவர். பெயர் அமலதாஸ். விழாவை நடத்துகிறவரும் அவர்தான். பின்னால் ஏதோ சுழலும் சத்தம்.

இடது கை யுகுலேலே கொண்டு வரலாமா என்று கேட்டான்.

"தாராளமா. நீங்க இடது கையா?"

"இல்ல. வலது கை."

"அப்புறம் ஏன் அப்படி வாசிக்கிறீங்க?"

"அப்படித்தான் வந்துச்சு."

அவர் சிரித்தார். "வாய மூடாதீங்கம்மா" என்றார். அது அங்கே நாற்காலியில் சாய்ந்திருந்தவருக்கு.

"ஓரமா உக்காந்துக்கங்க. நடுவுல உக்காந்தா உங்க கழுத்தும் பக்கத்து ஆள் கழுத்தும் முட்டிக்கும். வாத்தியத்தோட கழுத்தச் சொல்றேன். போன வருஷம் எங்க போஸ்ட்மேன் கண்ணாடி போச்சு. எத்தனை கார்டு தெரியும்?"

"நாலு."

"நீங்க சீனியர். இங்க பாதிப் பேருக்கு மூணுதான்."

இருபத்தாறு பேர் வருவார்களாம். ஒரு பள்ளிக்கூட ஹால். மதியம் பிரியாணி.

அங்கே அவன் பக்கத்து ஆளின் கண்ணாடியை உடைக்கக்கூடிய ஒருவன். அதற்கு மேல் எந்த அடையாளமும் இல்லை. அது பிடித்திருந்தது.

"யாரோடது அந்த யுகுலேலே?"

"என் மனைவியோடது."

"அட, அவங்களையும் கூட்டிட்டு வாங்களேன்."

கேன்டீனில் யாரோ தட்டு கழுவினார்கள்.

"அவங்க இறந்துட்டாங்க. ஜனவரியில."

சுழலும் சத்தம் நின்றது.

இந்த ஊரும் போயிற்று என்று நினைத்தான். இனி அந்தக் குரல் தாழும். எல்லாக் குரல்களும் அந்த இடத்தில் தாழ்கின்றன. பிறகு மேலே வருவதில்லை.

"அப்ப தந்தி மாட்டி ஒரு வருஷத்துக்கு மேல ஆயிருக்கும்" என்றார் அமலதாஸ். அதே குரல். "சுருதி நிக்காது. புதுசு போட்டுட்டு வாங்க."

அங்கே ஏதோ கருவியைத் தட்டில் வைக்கும் சத்தம் கேட்டது.

"எந்தக் கைக்குப் போடறதுன்னு நீங்களே பாத்துக்கங்க. எப்படிப் போட்டாலும் எங்களுக்குச் சம்மதம். ஸ்வெட்டர் மறந்துடாதீங்க, சாயங்காலம் பனி இறங்கிடும்."

பிறகு, "நல்லாத் திறங்கம்மா."

சத்தம் மறுபடி தொடங்கியது.

அவன் அழைப்பை முடித்தான்.

நந்திதாவுக்கு எழுதினான். மூன்று முறை அழித்தான். கடைசியில் போனது இது: நான் வரவில்லை நந்திதா. அந்த நாற்காலியில் புதிதாகச் சேர்ந்தவர் யாரையாவது உட்கார வை. அவள் அதைத்தான் செய்திருப்பாள்.

இரண்டு நீல டிக் விழுந்தன. பதில் வரவில்லை. வரும்.

சனிக்கிழமை வேலை நாள். அலுவலகச் செயலியில் விடுப்புப் பக்கத்தைத் திறந்தான். பழைய விண்ணப்பங்கள் கீழே வரிசையாக இருந்தன.

மருத்துவமனை.

மருத்துவமனை.

மருத்துவமனை.

இறுதிச் சடங்கு.

அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை.

காரணம் என்ற கட்டத்தில் எழுதினான்: யுகுலேலே விழா, ஏற்காடு. அனுப்பினான்.

மேலாளர் குமரவேல் இதுவரை அவனுடைய எந்த விடுப்புக்கும் கேள்வி கேட்டதில்லை. பார்த்ததும் அனுமதிப்பார். எதிரில் வந்தால் வேறு பக்கம் திரும்பிக்கொள்வார்.

இப்போது நேராக வந்தார். ஒரு கையில் மோர் டம்ளர், இன்னொரு கையில் போன். எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"என்னய்யா இது, யுகுலேலே? ஏதாவது கோயில் விசேஷமா?"

அவன் தட்டைத் தள்ளி வைத்தான். இவ்வளவுதான் இருக்கும் என்று இரண்டு கைகளையும் அகட்டிக் காட்டினான்.

"சின்ன கிட்டார் மாதிரி சார். நாலு தந்தி" என்றான். "என்கிட்ட ஒண்ணு இருக்கு."